தப்பால் பையில் வந்த பதுளை

என் தாத்தா மடூல்சீமைப் பகுதியில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் தப்பால்காரராக இருந்தவர். காலைப் பிரட்டு முடிந்ததும் கித்தான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மலையிறங்கித் தபால் கந்தோருக்குப் போவார். பிற்பகலில் பை நிறைந்து, முதுகு வளைந்து, துரை பங்களாவுக்குத் திரும்புவார். பையில் கடிதங்கள் இருக்கும், சீமையிலிருந்து வரும் சஞ்சிகைகள் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாகக் கொழும்பிலிருந்து வரும் ஆங்கிலப் பத்திரிகை இருக்கும். கடிதம் நனைந்தாலும் துரை பொறுப்பாராம். பத்திரிகை நனைந்தால் அன்றைக்கு வசவு நிச்சயம். ஆகையால் மழை நாட்களில் தம் தலையை நனையவிட்டுக் கம்பளிக் கொங்காணியைப் பையின் மேல் போர்த்திக்கொண்டு நடந்ததாகச் சொல்வார்.

“ஒலகத்த எல்லாம் இந்த முதுகுலதான் சொமந்தேன்; அதுல ஒரு எழுத்து எனக்குத் தெரியாது” என்பார் சிரித்துக்கொண்டே.

அவருடைய பேரன் பத்திரிகைக்காரன் ஆனேன். அச்சுப்படி திருத்துபவனாக நுழைந்து, உதவி ஆசிரியனாகி, நாற்பது ஆண்டுகள் தமிழ்ப் பத்திரிகைகளில் காலம் தள்ளினேன். ஓய்வு பெற்ற பின்னர் ஓர் ஆசை பிடித்துக்கொண்டது. தாத்தாவும் அவருக்கு முந்திய தப்பால்காரர்களும் சுமந்து சென்ற அந்தப் பத்திரிகைகளில் அப்படி என்னதான் எழுதியிருந்தது? கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தின் வாசகசாலையில் அமர்ந்து, தொட்டால் உதிரும் பக்கங்களைப் புரட்டத் தொடங்கினேன். என் ஊரை, பதுளையையும் அதைச் சூழ்ந்த ஊவாத் தோட்டங்களையும் 19ஆம் நூற்றாண்டுப் பத்திரிகைகளின் ஊடாகக் கண்டுவிட முடியுமா என்பதே கேள்வி.

ஊர்ப் பத்திரிகையும் தோட்டத்துப் பத்திரிகையும்

இங்கிலாந்தின் சிறு நகரம் ஒன்றின் அக்கால வாழ்வை அந்நகரின் வாரப் பத்திரிகையைக் கொண்டே எழுதிவிடலாம் என்பார்கள். உண்மைதான். 1855ஆம் ஆண்டில் பத்திரிகைகள் மீதான முத்திரை வரி அங்கே நீக்கப்பட்டது. அதன் பிறகு ஊருக்கு ஊர் மலிவு விலைப் பத்திரிகைகள் முளைத்தன. சந்தை விலை, தேவாலயத் தேநீர் விருந்து, நகரசபைச் சச்சரவு, நீதிமன்ற வழக்கு, திடீர் மரண விசாரணை என எல்லாம் அவற்றில் இடம்பெற்றன. ஆலைத் தொழிலாளி ஒருவன் குடித்துவிட்டுத் தெருவில் விழுந்தாலும், இயந்திரத்தில் சிக்கி இறந்தாலும், அவன் பெயர், வயது, வசித்த தெரு ஆகியவை அச்சேறின. பெருமைக்குரிய செய்தியோ சிறுமைக்குரிய செய்தியோ, அவன் பெயர் காகிதத்தில் நின்றது. நூறு ஆண்டுகளுக்குப் பின் பேரப்பிள்ளைகள் தேடினால் அகப்படும்.

பதுளையின் கதை வேறு. அக்காலப் பதுளையைக் காண நாம் கொழும்புப் பத்திரிகைகளைத்தான் திறக்க வேண்டியிருக்கிறது. அவற்றுள் முதன்மையானது ‘ஒப்சேவர்’. 1834ஆம் ஆண்டு பெப்ரவரி 4ஆம் திகதி கொழும்பு வணிகர்களால் தொடங்கப்பட்ட இப்பத்திரிகை, இன்றும் ஞாயிறு இதழாக வெளிவருகிறது. தொடக்க காலத்தில் இதன் ஆசிரியராக விளங்கியவர் அயர்லாந்தைச் சேர்ந்த மருத்துவர் கிறிஸ்தோபர் எலியட். 1859இல் ஸ்கொட்லாந்துக்காரரான ஏ. எம். பெர்குசன் அதனை வாங்கினார். 1861இல் அவருடைய மருமகன் ஜோன் பெர்குசனும் வந்து சேர்ந்துகொண்டார். அதன் பின்னர் அந்தப் பத்திரிகையும் கோப்பித் தோட்டமும் ஏறத்தாழ ஒரே உடம்பின் இரு கைகளாயின. இலங்கையின் தோட்டங்கள், உரிமையாளர்கள், கண்காணிப்பாளர்கள், ஏக்கர் கணக்குகள் அனைத்தையும் தொகுத்துத் தந்த பெர்குசன் டிரெக்டரியும், 1881இல் தொடங்கிய ‘டிராப்பிகல் அக்ரிகல்ச்சரிஸ்ட்’ என்ற விவசாய மாத இதழும் அதே குடும்பத்தின் வெளியீடுகள்.

செய்தியை முந்தித் தருவதில் அவர்களுக்கு இருந்த வேட்கை என் போன்ற பத்திரிகைக்காரனை இன்றும் மெய்சிலிர்க்க வைப்பது. ஐரோப்பியத் தபால் கப்பல்கள் அன்று காலித் துறைமுகத்துக்கே வந்தன. அங்கிருந்து செய்தியைப் புறாக்களின் காலில் கட்டிக் கொழும்புக்குப் பறக்கவிட்டது 1850களின் ஒப்சேவர். 1858இல் காலிக்கும் கொழும்புக்கும் இடையே தந்தி வந்த பிறகுதான் அந்தப் புறாக்களுக்கு ஓய்வு கிடைத்தது. லண்டனில் கோப்பி என்ன விலைக்குப் போனது என்பதை ஒரு நாள் முன்னதாக அறிவது தோட்டக்காரருக்கு வாழ்வா சாவா என்ற விடயம். அந்த விலை புறாவின் காலில் கொழும்புக்கு வந்து, அச்சேறி, குதிரை வண்டியிலும் தபால் ஓட்டக்காரரின் தோளிலும் மலையேறிப் பதுளைக்கு வந்தது. கடைசிச் சில மைல்களை ஒரு தமிழ்த் தொழிலாளி சுமந்து முடித்தார்.

பத்திரிகை காட்டிய பதுளை

பழைய பக்கங்களில் தெரியும் பதுளை ஒரு சிறிய, அழகிய, தொலைதூர நகரம். 1817–18 கலவரத்தின் போது பிரித்தானியர் ஊவாவின் வயல்களையும் கிராமங்களையும் எரித்து அடக்கிய கொடுமைக்குப் பின்னர் உருவான நிருவாக நகரம் அது. கச்சேரி, நீதிமன்றம், வாடிவீடு, கடைத்தெரு, சற்றுத் தள்ளி முதியங்கனை விகாரை. சுற்றிலும் மலைகள், கிழக்கே நமுனுகுலவின் சிகரங்கள்.

அந்த நகரின் முதல் ‘கோப்பிக்கால’ நாயகன் மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ். உதவி அரசாங்க அதிபர், மாவட்ட நீதிபதி, படை அதிகாரி, கோப்பித் தோட்டக்காரர் எல்லாம் அவர் ஒருவரே. 1,400க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். 1845ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் திகதி அப்புத்தளை வாடிவீட்டில் மின்னல் தாக்கி இறந்தார். அவர் நினைவாக எல்லா வகுப்பினரும் பணம் போட்டுக் கட்டிய புனித மாற்கு தேவாலயம் 1857 முதல் பதுளையில் நிற்கிறது. ஆளும் அதிகாரியே தோட்ட உரிமையாளராகவும் நீதிபதியாகவும் இருந்த காலம் எத்தகையது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. தோட்டத்தைவிட்டு ஓடிய தொழிலாளி பிடிபட்டால் யார் முன் நிறுத்தப்பட்டிருப்பான் என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள்.

பத்திரிகையின் விளம்பரப் பக்கங்கள் தனி உலகம். சேணம், துப்பாக்கி, பன்றி இறைச்சி, மது வகைகள், கோப்பிப் பழத்தின் தோலுரிக்கும் இயந்திரம் என எல்லாம் உண்டு. அடுத்து ‘மலைநாட்டுக் கடிதங்கள்’. தோட்டக்காரர்கள் புனைபெயரில் எழுதியவை. மழை எவ்வளவு, பூ எப்படி, பழம் எப்போது, ஆள் வரத்து எவ்வாறு என்பவை அவற்றின் பொருள். எல்லாக் கடிதங்களிலும் ஒரு பொதுப் பல்லவி இருந்தது. அது பாதை.

ஊவாவின் துயரம் பாதைதான். கண்டி, மாத்தளைத் தோட்டங்களின் கோப்பி கொழும்பை எளிதில் சென்றடைந்தது. ஊவாக் கோப்பியோ மாட்டுவண்டியில் அப்புத்தளைக் கணவாய் இறங்கி, பலாங்கொடை வழியே இரத்தினபுரிக்குப் போய், அங்கே படகேறிக் களுகங்கை வழியாகக் கடலோரம் சேர வேண்டியிருந்தது. கோப்பி இறங்கும் அதே கடினப் பாதையில்தான் அரிசி ஏற வேண்டும். மழையில் பாதை அடைபட்டால் கோப்பி கொட்டிலில் கிடக்கும், லயத்தில் அடுப்பு எரியாது. முதலாவதைப் பற்றி நான் வாசித்த கடிதங்களுக்கு அளவில்லை. இரண்டாவதையும் எழுதினார்கள். அரிசி இல்லாவிட்டால் ஆட்கள் ஓடிவிடுவார்களே என்ற கவலையோடு எழுதினார்கள்.

1867இல் கண்டி வரை வந்த ரயில், 1874இல் நாவலப்பிட்டிக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் வந்தது. ஊவாவுக்கு ரயில் வேண்டும் என்று ஜோன் பெர்குசன் தம் பேனாவால் ஓயாமல் இடித்துக்கொண்டே இருந்தார். 1893இல் அப்புத்தளையும் 1894இல் பண்டாரவளையும் ரயிலைக் கண்டன. பதுளை நகரம் அதைக் காண்பதற்கு 1924 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஓர் இலையின் கதை

உலக விவசாய வரலாற்றில் எங்கள் மடூல்சீமைக்கு ஓர் இடமுண்டு. பெருமைப்படத்தக்க இடம் அல்ல. 1869ஆம் ஆண்டு மே மாதம், மடூல்சீமையின் கல்லூலைத் தோட்டத்தில் சில கோப்பி இலைகளின் அடிப்புறம் மஞ்சள் கலந்த செம்பொடி படர்ந்திருந்தது. இலைகள் உதிர்ந்தன. பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பணிப்பாளர் த்வைட்சுக்கு அந்த இலைகள் போயின. அவர் இங்கிலாந்துக்கு அனுப்பினார். பூஞ்சணங்களை ஆராய்வதில் வல்லவரான மைல்ஸ் பேர்க்லி என்ற பாதிரியார் அது இதுவரை அறியப்படாத பூஞ்சணம் எனக் கண்டு, அதே ஆண்டு நவம்பரில் ‘கார்டனர்ஸ் க்ரோனிக்கிள்’ இதழில் ‘ஹெமிலேயா வாஸ்டாட்ரிக்ஸ்’ என்று பெயரிட்டு எழுதினார். இரண்டாவது சொல்லுக்குப் ‘பாழாக்குவது’ என்று பொருள். பெயர் பலித்தது.

முதலில் யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. 1870இல் இலங்கையின் கோப்பி ஏற்றுமதி 10 லட்சம் அந்தரைத் தாண்டியிருந்தது. விலை ஏறிக்கொண்டிருந்தது. நோய் விளைச்சலைக் குறைத்தபோது, குறைந்ததை ஈடுசெய்யப் புதிய காடுகளை வெட்டி மேலும் கோப்பி நட்டார்கள். 1878இல் கோப்பி நிலம் ஏறக்குறைய 2,75,000 ஏக்கராயிற்று. பூஞ்சணத்துக்கு விருந்து வைத்ததைப் போன்ற காரியம் அது. 1880இல் ஆராய வந்த ஹரி மார்ஷல் வார்ட் என்ற இளம் விஞ்ஞானி, காற்றில் பறக்கும் நுண்ணிய வித்துகள் இலையின் துளைகள் வழியே நுழைவதைக் கண்டறிந்தார். மலைமலையாக இடைவெளியின்றி ஒரே பயிரை நட்டதால் நோய் தங்குதடையின்றிப் பரவியதையும் அவருடைய ஆய்வு உணர்த்தியது. நோய் எப்படி வருகிறது என்பதைச் சொன்னார். போக்குவது எப்படி என்பதை அவராலும் சொல்ல முடியவில்லை. சுண்ணாம்பு, கந்தகம், கார்போலிக் எனப் பத்திரிகைப் பக்கங்கள் வைத்திய முறைகளால் நிறைந்தன. துரைமார் பூஞ்சணத்தின் லத்தீன் பெயரைத் திரித்து ‘நாசக்கார எமிலி’ என்று கேலி பேசினார்கள். கேலி நெடுநாள் நீடிக்கவில்லை.

1884ஆம் ஆண்டு மே 3ஆம் திகதி ஓரியண்டல் வங்கி கதவடைத்தது. நாட்டில் புழங்கிய காசுத்தாள்களில் பெரும்பகுதி அந்த வங்கியினுடையவை. ஆளுநர் ஆர்தர் கோர்டன் அத்தாள்களுக்கு அரசாங்கமே பொறுப்பு என்று அறிவித்துப் பீதியைத் தணித்தார். தோட்டங்கள் ஏலத்துக்கு வந்தன. துரைமார் பலர் கப்பலேறினார்கள். இவையெல்லாம் பத்திரிகைகளில் விரிவாக உண்டு. ஒரு தோட்டம் நொடித்தால் அதில் பல மாதக் கூலி பாக்கி நிற்கும் தொழிலாளர் கதி என்ன? அந்தக் கேள்விக்கு விடை தேடச் சட்டப் புத்தகத்துக்குப் போக வேண்டும். தொழிலாளரின் கூலியைத் தோட்டத்தின் மீதான முதற்கடனாக்கும் சட்டம் 1884இல் இயற்றப்பட்டது. அத்தகைய சட்டம் தேவைப்பட்டது என்பதிலிருந்தே நிலைமையை ஊகிக்கலாம்.

அதன் பின்னர் தேயிலை வந்தது. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் நட்ட செடி ஊவா மலைகளையும் மூடியது. 1886இல் ஊவா தனி மாகாணமாயிற்று. 1890இல் தோமஸ் லிப்டன் வந்து அப்புத்தளையின் தம்பத்தன்னைத் தோட்டத்தை வாங்கினார். கோப்பிக்குப் பழக்காலத்தில் மட்டும் ஆள் பெருமளவில் வேண்டும். அறுவடை முடிந்ததும் பலர் ஊர் திரும்புவார்கள். தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கக் கை வேண்டும். ஆகவே வந்து போனவர்கள் வந்து தங்கியவர்கள் ஆனார்கள். லயத்தில் பிள்ளைகள் பிறந்தார்கள். என் தாத்தாவும் அப்படிப் பிறந்தவரே.

எண்ணாக நின்றவர்கள்

இந்த நீண்ட கதையில் எங்கள் ஆட்கள் எங்கே? பத்திரிகையில் இருக்கிறார்கள், மழையளவு இருப்பதைப் போல. ‘ஆள் வரத்து நன்று’, ‘ஆள் வரத்துக் குறைவு’ என்ற அளவில் இருக்கிறார்கள். நான் புரட்டிய பக்கங்களில் துரையின் குதிரைக்குக்கூடப் பெயர் இருந்தது. தொழிலாளியின் பெயர் எப்போதாவது வழக்குச் செய்தியில் தலைகாட்டும். கங்காணியின் பெயர் கடன் பாக்கியை ஒட்டி வரும். மற்றப்படி அவர்கள் ‘கூலிகள்’. அந்தச் சொல்லுக்கு முன்னால் ஓர் எண் மட்டுமே.

நியாயமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த எண்ணை வைத்தே ஒருமுறை அப்பத்திரிகை நாட்டை உலுக்கியது. ஆசிரியர் எலியட் மருத்துவர் என்பதை முன்னர் சொன்னேன். 1848 வரி எதிர்ப்பு நாட்களில் ஆளுநர் டொரிங்டனுடன் மோதிய துணிச்சல்காரர் அவர். 1849இல் கொழும்பு ஒப்சேவர் ஒரு கணக்குப் போட்டது. 1841 முதல் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளரில் நான்கில் ஒரு பங்கினர், அதாவது சுமார் 70,000 பேர், மாண்டிருக்க வேண்டும் என்று எழுதியது. மன்னாரிலிருந்து அனுராதபுரம், தம்புள்ளை வழியாக மாத்தளை வரையிலான காட்டுப் பாதையில் வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் கொண்டுபோனவர்கள் எத்தனை பேர்? அந்தக் கணக்கு மிகை என்று வாதிட்டவர்கள் அன்றும் இருந்தார்கள், ஆய்வாளர்களிடையே இன்றும் இருக்கிறார்கள். பதிவின்றி ஊர் திரும்பியவர்களையும் இறந்தோர் கணக்கில் சேர்த்துவிட்டார்கள் என்பது அவர்கள் வாதம். இருக்கட்டும். ஆனால் 70,000 பேர் செத்தார்களா, திரும்பிப் போனார்களா என்று பிரித்தறியவே முடியாத அளவுக்கு அவர்களின் பெயர்கள் எங்கும் எழுதப்படவில்லை என்பதை அந்த வாதமே நிரூபிக்கிறது அல்லவா?

எழுதப்பட்ட இடம் ஒன்று உண்டு. அது ‘துண்டு’. ஒரு தொழிலாளி தோட்டம் மாற வேண்டுமானால் அவன் பட்ட கடன் எவ்வளவு, அதைக் கட்டினால் ஆளை விடுகிறோம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி, முன்னறிவித்தல் இன்றி வேலையைவிட்டு நீங்குவது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். ஆக, எம் முன்னோரின் பெயரை வெள்ளைத் தாளில் எழுத வைத்தது கடன்தான். துண்டு முறை 1921இல்தான் சட்டப்படி ஒழிந்தது.

கல்லூலையில் இலை வாடிய அதே 1869இல், யாழ்ப்பாணத்தில் தமிழில் ஒரு நூல் அச்சாகியது. ஆபிரகாம் ஜோசப் இயற்றிய ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’. கோப்பித் தோட்ட வேலையைத் தமிழில் பாடிய நூல் என்றாலும், அது மேற்பார்வையாளரின் பார்வையில் எழுந்தது. மு. நித்தியானந்தன் 2014இல் வெளியிட்ட ‘கூலித் தமிழ்’ என்ற நூலில் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். பெர்குசன் அச்சகமும் தமிழுக்குத் தன்னாலான தொண்டைச் செய்தது. புதிதாக வரும் சின்னத்துரைமார் தமிழ் பேசப் பழகுவதற்கு ஒரு கைநூலை வெளியிட்டது. அதன் பெயர் ‘இங்கே வா’. தோட்டத்தில் ஒரு துரைக்கு முதலில் தேவைப்பட்ட தமிழ் எது என்பதை அந்தத் தலைப்பைவிடச் சுருக்கமாக யாராலும் சொல்ல முடியாது.

எங்கள் ஆட்கள் மட்டும்தான் இப்பக்கங்களில் காணாமற் போனவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டத்தால் சேனை நிலத்தை இழந்த ஊவாவின் சிங்களக் கிராமத்தவரும் அவ்வாறே பெயரின்றி நிற்கிறார்கள். தோட்டத்தின் வேலிக்கு உள்ளே ஒரு மௌனம், வெளியே இன்னொரு மௌனம். இரண்டுக்கும் நடுவே பத்திரிகை போய்க்கொண்டிருந்தது.

முட்கம்பிக்குள் ஒரு பத்திரிகை

சுவடிகளைப் புரட்டும்போது என்னை மிகவும் சிந்திக்க வைத்த செய்தி அந்த நூற்றாண்டின் கடைசி ஆண்டிலிருந்து வந்தது. தென்னாபிரிக்கப் போரில் பிரித்தானியர் சிறைப்பிடித்த போயர்களில் சுமார் 5,000 பேரை 1900 ஆகஸ்ட் முதலாகக் கொண்டுவந்து தியத்தலாவை முகாமில் அடைத்தார்கள். பண்டாரவளைக்கு அண்மையில் உள்ள, இன்று இராணுவ முகாமுக்குப் பெயர் பெற்ற அதே தியத்தலாவைதான். அந்தக் கைதிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? அவ்வாண்டே தங்கள் மொழியில் ஒரு பத்திரிகை தொடங்கினார்கள். பெயர் ‘டி பிரிக்கெல்டிராட்’. தமிழில் ‘முட்கம்பி’ என்று பொருள். பின்னர் ‘டி ஸ்ட்ரேவர்’ என்ற இன்னொரு பத்திரிகையும் அங்கே வெளிவந்தது.

ஊவா மண்ணில் பிறந்த பழைய பத்திரிகைகளில் ஒன்று போர்க்கைதிகளுடையது என்பதை அறிந்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, துக்கமும் வந்தது. அவர்கள் எழுத்தறிவோடு வந்தவர்கள். சிறைப்பட்ட சில மாதங்களில் தங்களுக்கென ஓர் ஏட்டை உண்டாக்கிக்கொண்டார்கள். அவர்களைச் சுற்றியிருந்த மலைகளில் அரை நூற்றாண்டுக்கு மேலாக உழைத்துக்கொண்டிருந்த எம் மக்களுக்கு எழுத்தே கொடுக்கப்படவில்லை. தமிழில் பத்திரிகைகள் இல்லாமல் இல்லை. யாழ்ப்பாணத்தில் 1841இலேயே ‘உதயதாரகை’ தோன்றிவிட்டது. 1882இல் சித்திலெப்பை கண்டியிலிருந்து ‘முஸ்லிம் நேசன்’ நடத்தினார். ஆனால் தோட்டத் தொழிலாளியின் வழக்கைத் தன் வழக்காக எடுத்துப் பேசும் தமிழ் நாளிதழுக்கு 1921இல் கோ. நடேசய்யர் ‘தேசநேசன்’ தொடங்கும் வரை காத்திருக்க நேர்ந்தது. முட்கம்பிக்குப் பின்னால் இருந்தவர்களைவிட லயத்துக்குள் இருந்தவர்கள் இறுக்கமாக அடைபட்டிருந்தார்கள் என்றால் அது மிகையாகுமா?

ஆதாரம் கேட்ட நாள்

பழைய பத்திரிகையில் பெயர் இல்லாவிட்டால் என்ன குடிமுழுகிப் போயிற்று என்று சிலர் கேட்கலாம். எங்களுக்குக் குடிமுழுகத்தான் செய்தது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இந்நாட்டில் பிறந்தவனிடம்கூட, “உன் தகப்பன் இங்கே பிறந்தானா?” என்று கேட்டது. இல்லையேல் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். என் தகப்பனார் பதுளை மாவட்டத்தில் பிறந்தவர். அவருக்குப் பிறப்புச் சாட்சிப் பத்திரம் இருந்தது. தாத்தாவும் இங்கேதான் பிறந்தார். ஆனால் தேயிலை வந்த புதிதில், லயக்காம்பராவில் பிறந்த பிள்ளையின் பெயரை யார் போய்ப் பதிந்தார்கள்?

அப்பா ஓர் அலுவலகத்துக்கு மூன்று முறை நடந்தார். மூன்றாம் முறை தாத்தாவையே நேரில் அழைத்துப் போனார். “இவர்தான் எங்கப்பா, இந்தத் தோட்டத்திலேயே பிறந்தவருங்க; முப்பது வருசம் தப்பால் சொமந்தவரு” என்றார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நல்ல மனிதர்தான் போலும். தாத்தாவை நாற்காலியில் அமரச் சொன்னாராம். பிறகு, “ஆளைக் கொண்டுவந்து பயனில்லை, காகிதம் கொண்டுவாருங்கள்” என்றாராம். ஆயுள் முழுவதும் காகிதம் சுமந்த மனிதரிடம் காகிதம் இல்லை.

எங்கள் வீட்டுக்கு மட்டும் நேர்ந்த கதை அல்ல இது. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ் சுமார் 8 லட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. உரிமை பெற்றவர்கள் ஏறக்குறைய 1,34,000 பேர் மட்டுமே. 1964ஆம் ஆண்டு ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம், நாடற்றோர் 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். மறுபடியும் எண்கள்! 1849இல் எண்ணாக இருந்தவர்கள் 1964இலும் எண்ணாகவே இருந்தார்கள். எனக்குப் பிரஜாவுரிமை 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்க் கிடைத்தது. அதற்கு முன்னரே இருபது ஆண்டுகள் இந்நாட்டின் செய்திகளைத் திருத்தி அச்சுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன், எந்த நாட்டுக்கும் உரியவன் அல்லாதவனாக. 2003இல் வந்த 35ஆம் இலக்கச் சட்டம் எஞ்சியிருந்தவர்களுக்கும் வழி திறந்தது. அப்போது அப்பா இல்லை.

ஆகவே, பத்திரிகையில் ஒரு பெயர் அச்சாவது அற்ப விடயம் என்று யாராவது சொன்னால் எனக்கு ஒப்புக்கொள்ள முடிவதில்லை. இங்கிலாந்தின் சிறு நகரத்தில் குடித்துவிட்டு விழுந்த ஆலைத் தொழிலாளிக்குக் கிடைத்த அந்த மூன்று வரிச் செய்தி, பசறையிலோ லுணுகலையிலோ ஒரு குடும்பத்துக்குக் கிடைத்திருந்தால் ஒரு தலைமுறையின் விதி மாறியிருக்கக்கூடும். ஒப்சேவரைத் தொகுத்தவர்கள் தீயவர்கள் அல்லர். பணம் கொடுத்து வாங்குபவன் எதை அறிய விரும்பினானோ அதை எழுதினார்கள். நானும் நாற்பது ஆண்டுகள் அந்தத் தொழிலில் இருந்தவன். எத்தனை விபத்துச் செய்திகளில் “தோட்டத் தொழிலாளர்கள் ஐவர் பலி” என்று தலைப்பிட்டு, இடமில்லை என்று கீழே பெயர்களை வெட்டியிருப்பேன் என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன். கை கூசுகிறது.

மலையகத்து வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் பழைய துண்டு, செக்ரோல் நகல், கங்காணியின் கணக்குப் புத்தகம், கப்பல் சீட்டு, பழைய கடிதம் என எது கிடந்தாலும் குப்பையென்று எறிந்துவிடாதீர்கள். இருக்கும் முதியவர்களை உட்காரவைத்து, அவர்கள் அறிந்த பெயர்களை எல்லாம் கேட்டு எழுதி வையுங்கள். யார் வந்தார், எந்த ஊரிலிருந்து வந்தார், எந்தத் தோட்டத்தில் புதைத்தார்கள் என்பவை போதும்.

நான் ஒரு கொப்பியில் தொடங்கியிருக்கிறேன். முதல் வரியில் ஒரு பெயர் இருக்கிறது. பக்கத்தில், ‘தப்பால்காரர், எழுதப் படிக்கத் தெரியாது, பத்திரிகையை ஒரு நாளும் நனையவிட்டதில்லை’ என்று எழுதியிருக்கிறேன்.